கஞ்சாவைக் குறைக்க ஆன்லைன் தெரபி: நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

தினமும், அதுவும் ஒரே நாளில் பல தடவை கஞ்சா புகைக்கிறவர் "இதைக் குறைக்க வேண்டும்" என்று முடிவெடுத்து இணையத்தில் தேடினால், ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு விஷயங்கள் வந்து நிற்கும். போனில் இறக்கிக்கொண்டு தானாகவே செய்துகொள்ளும் ஆப் அல்லது இணையப் பாடத்திட்டம் ஒன்று. தினமும் நாம் குறிப்பு எழுத, வாரம் ஒருமுறை ஆலோசகர் படித்துப் பதில் எழுதும் திட்டம் ஒன்று. வீடியோ காலில் தெரபிஸ்ட்டோடு பேசுவது இன்னொன்று. அப்புறம், விட்டவர்களும் விட முயல்பவர்களும் கூடும் ஆன்லைன் குழுக் கூட்டம். எல்லாவற்றையும் ஆன்லைன் தெரபி என்றே சொல்கிறார்கள். ஆனால் இவை தரும் பலனும், நம்மிடம் கேட்கும் உழைப்பும் ரொம்பவே வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுவதா எழுதுவதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருக்கிறாரா, நீங்கள் நாலு நாள் காணாமல் போனால் அவர் கவனிப்பாரா என்பதை முதலில் பாருங்கள். அடுத்து, உங்கள் கை பொட்டலத்தைத் தேடும் நேரம் எது, அந்த நேரத்தில் அந்த உதவி உங்களுக்கு எட்டுமா என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

சிலர் இந்த நான்கில் எதையும் முதல் படியாக எடுக்கக் கூடாது. இல்லாத குரல் கேட்கிறது, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றுகிறது, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அன்றே நேரில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார அவரால் முடியாது.

கஞ்சாவோடு தினசரிக் குடியோ, நீண்ட நாளாகச் சாப்பிடும் தூக்க மாத்திரையோ இருந்தாலும் இதே பதில்தான். கஞ்சாவை நிறுத்தினால் வரும் தொல்லைகள் கஷ்டமானவை, ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. அதிகக் குடியையோ, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் பென்சோடயசபின் வகை மாத்திரைகளையோ திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்பைஸ், கே2 என்ற பெயர்களில் சுற்றும் செயற்கைக் கஞ்சாவும் அப்படித்தான். அதை நிறுத்தும்போது வலிப்பு வந்த நோயாளிகள் உண்டு. அதை இயற்கைக் கஞ்சாவோடு ஒன்றாக வைத்து எண்ண வேண்டாம்.

இன்னொரு அடையாளம் பலருக்குத் தெரிவதில்லை. வருடக்கணக்கில் அதிகமாகப் புகைத்தவருக்கு அவ்வப்போது கடுமையான வாந்தி, வயிற்று வலி வருகிறது, வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்குகிறது என்றால், அது கஞ்சாவால் வரும் வாந்தி நோயாக இருக்கலாம். 2004ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். வாந்திக்கு மருந்தென்று நினைத்து இன்னும் கொஞ்சம் புகைக்கிறவர்கள் உண்டு. அது நோயை நீட்டிக்கத்தான் செய்யும். உடலில் நீர் வற்றிப்போகும் அளவுக்கு வாந்தி இருந்தால் மருத்துவமனைதான்.

கர்ப்பமாக இருப்பவர்களும் தங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் மற்றதைத் தொடங்குவது நல்லது.

பழக்கம் எந்த அளவில் இருக்கிறது?

"நான் அதிகம்தானா?" என்ற கேள்வியிலேயே மாதக்கணக்கில் நிற்பவர்களுக்கு ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது. சியுடிஐடி-ஆர் என்பது எட்டே கேள்விகள் கொண்ட படிவம். கடந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான் கேட்கும். மொத்தம் 32 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் பயன்பாடு ஆபத்தான அளவில் இருக்கிறது. 12 அல்லது அதற்கு மேல் வந்தால் முறையான மதிப்பீடு தேவை. உளவியல் மருத்துவத்தில் பயன்படும் டிஎஸ்எம்-5 கையேடு 11 அடையாளங்களை வைத்திருக்கிறது: நினைத்ததைவிட அதிகமாகப் புகைப்பது, குறைக்க முயன்றும் முடியாமல் போவது, அதே போதைக்கு அளவு கூடிக்கொண்டே போவது, வேலையும் உறவும் கெடுவது தெரிந்தும் தொடர்வது இப்படி. ஒரு வருடத்துக்குள் இதில் இரண்டு இருந்தாலே அது கோளாறு. ஆறு இருந்தால் கடுமையான நிலை.

எதற்கு இந்தக் கணக்கு என்றால், லேசான நிலையில் இருப்பவருக்குப் போதுமான உதவி கடுமையான நிலையில் இருப்பவருக்கு எட்டாது. ஆப் விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

உள்ளே என்ன சிகிச்சை இருக்கிறது?

கஞ்சாப் பழக்கத்துக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து இதுவரை எதுவும் இல்லை. பேச்சும் பயிற்சியும்தான் சிகிச்சை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2016 தொகுப்பு 23 ஆய்வுகளை, 4,045 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. அதில் திரும்பத் திரும்பப் பலன் காட்டியது இரண்டு முறைகளின் சேர்க்கை. ஒன்று ஊக்க உரையாடல்: ஆலோசகர் அறிவுரை சொல்லமாட்டார், நீங்கள் ஏன் குறைக்க நினைக்கிறீர்கள் என்பதை உங்கள் வாயாலேயே வெளியே கொண்டுவருவார். மற்றது சிபிடி எனும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை: எந்த இடம், எந்த ஆள், எந்த மனநிலை உங்களைப் புகைக்கத் தள்ளுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேறொன்றைச் செய்யப் பழகுவது. நாலு அமர்வுக்கு மேல், ஒரு மாதத்துக்கு மேல் நீண்ட சிகிச்சையே கூடுதல் பலன் தந்ததும் அதில் தெரிந்தது.

அமெரிக்காவில் 450 பேரை வைத்து நடந்து 2004ல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. இரண்டு அமர்வு பெற்றவர்கள், சிகிச்சை இன்னும் தொடங்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட அதிகமாகக் குறைத்தார்கள். ஒன்பது அமர்வு பெற்றவர்கள் அவர்களையும்விட அதிகமாகக் குறைத்தார்கள். ஆக, ஆன்லைனில் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியவை இவை: உள்ளே ஊக்க உரையாடலும் சிபிடியும் இருக்கின்றனவா? எத்தனை வாரம் நீளும்? தியானமும் மேற்கோள் வாசகங்களும் மட்டுமே நிறைந்த ஆப் மனதுக்கு இதமாக இருக்கலாம்; ஒரு நாளைக்கு ஐந்து தடவை புகைப்பவருக்கு அது சிகிச்சை ஆகாது.

தனியாகச் செய்யும் திட்டங்கள்

இதன் பலம் சீக்கிரம். ராத்திரி இரண்டு மணிக்கு முடிவெடுத்தால் இரண்டு மணிக்கே தொடங்கலாம். யாரிடமும் பெயர் சொல்ல வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். வெட்கத்தால் பல வருடம் வாயைத் திறக்காதவருக்கு இது சாதாரண விஷயமில்லை.

ஆஸ்திரேலியாவில் ஆறு பாடங்கள் கொண்ட ஒரு சுயஉதவித் திட்டத்தை 230 பேரிடம் சோதித்து 2013ல் வெளியிட்டார்கள். வெறும் தகவல் மட்டும் படித்தவர்களைவிட, பாடங்களைச் செய்தவர்கள் குறைவான நாட்களே புகைத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் அந்த வேறுபாடு தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் இதே வகைத் திட்டம் சுவிட்சர்லாந்தில் வேறு கதை சொன்னது. கேன்ரெடியூஸ் என்ற அந்தத் திட்டத்தை 308 பேரிடம் மூன்று விதமாகச் சோதித்தார்கள். சுயஉதவிப் பாடங்களோடு ஆலோசகருடன் சாட் வசதி பெற்றவர்கள் ஒரு பிரிவு, பாடங்கள் மட்டும் பெற்றவர்கள் ஒரு பிரிவு, காத்திருந்தவர்கள் ஒரு பிரிவு. 2015ல் முடிவு வந்தது. சாட் சேர்ந்த பிரிவு மற்ற இரண்டைவிடவும் அதிகமாகக் குறைத்தது. பாடங்கள் மட்டும் பெற்ற பிரிவுக்கும் சும்மா காத்திருந்த பிரிவுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை.

அந்தப் பக்கம் ஆள் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த முடிவு ஒரு பெரிய காரணம். இந்த வகைத் திட்டங்களில் பாதியில் நின்றுவிடுவோர் மிக அதிகம். முதல் பாடத்தை ஆர்வமாக முடிப்பார்கள். மூன்றாவது பாடம் வரும்போது ஒரு கெட்ட நாள் வரும், அன்று புகைத்திருப்பார்கள். மறுநாள் ஆப்பைத் திறக்கவே மனம் வராது. ஆப் ஒரு நினைவூட்டல் அனுப்பும், அதைத் தள்ளிவிட்டுப் போவது சுலபம். ஒரு மனிதர் "என்ன ஆச்சு, இரண்டு நாளாக எழுதவில்லையே" என்று கேட்டால் அப்படித் தள்ள முடியாது.

இப்போது பேசும் செயற்கை அறிவுச் செயலிகள் வந்திருக்கின்றன. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் வரும், உண்மைதான். ஏக்கம் வரும் பத்து நிமிடத்தைக் கடத்த அதில் எழுதிப்பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் வராமல் போனதைக் கவனித்துக் கவலைப்படும் ஆளாக அதை எண்ண வேண்டாம்.

ஆக, தனித் திட்டத்தை யாருக்குச் சொல்வேன்? பழக்கம் லேசான நிலையில் இருப்பவருக்கு. வேறொரு உதவிக்காகப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவருக்கு. அப்புறம், இன்னும் ஒரு மனிதரிடம் சொல்லத் தயாராகாதவருக்கு, முதல் வாசலாக. மற்றவர்கள் இதோடு நின்றுவிடக் கூடாது.

எழுத்தில் வழிகாட்டும் திட்டங்கள்

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் ஜெர்மனியில் அரசின் சுகாதாரக் கல்வி மையம் 2004ல் தொடங்கிய 'க்விட் த ஷிட்'. தொடங்கியபோது அது 50 நாள் திட்டம். ஆரம்பத்தில் ஆலோசகரோடு சாட்டில் ஒரு நீண்ட உரையாடல்: எவ்வளவு புகைக்கிறீர்கள், குறைப்பதா விடுவதா, எந்தத் தேதியில் தொடங்குவது. அதற்குப் பிறகு தினமும் டைரி. இன்று எவ்வளவு, எந்தச் சூழ்நிலையில், தவிர்க்க முடிந்த இடம் எது, முடியாத இடம் எது. வாரம் ஒருமுறை ஆலோசகர் அதை முழுக்கப் படித்து விரிவாகப் பதில் எழுதுவார். முடிவில் இன்னொரு சாட்.

1,292 பேரை வைத்து இதைச் சோதித்த ஆய்வு 2011ல் வந்தது. திட்டத்தில் இருந்தவர்கள் காத்திருந்தவர்களைவிடத் தெளிவாகக் குறைத்திருந்தார்கள்; அதே நேரம் மூன்று மாதத்துக்குப் பிறகு கேள்விகளுக்குப் பதில் அனுப்பியவர்கள் சிறு பகுதியினர்தான். பிறகு அதே குழு 50 நாளையும் 28 நாளையும், சாட் உள்ளதையும் இல்லாததையும் ஒப்பிட்டது. பெரிய வேறுபாடு தெரியவில்லை. சாட் இல்லாத பிரிவிலும் ஆலோசகர் படித்து எழுதும் பதில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். உடனுக்குடன் பேசுவதைவிட, யாரோ ஒருவர் நம் எழுத்தைப் படிக்கிறார் என்பதே வேலை செய்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது சரியாகாது. ஸ்வீடனில் 303 பேரிடம், 13 பாடங்களோடும் தெரபிஸ்ட் வழிகாட்டுதலோடும் ஒரு திட்டத்தைச் சோதித்து 2020ல் வெளியிட்டார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் திட்டத்தில் இருந்தவர்களும் குறைத்திருந்தார்கள், காத்திருந்தவர்களும் குறைத்திருந்தார்கள். இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்தத் துறையின் ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தவர்களும் சராசரிப் பலன் சிறியது என்றே சொல்கிறார்கள். ஆன்லைன் வேலை செய்யவே செய்யாது என்று இதிலிருந்து நான் முடிவுகட்டவில்லை. பதிவு செய்தால் மட்டும் எதுவும் நடந்துவிடாது, முடிவெடுத்த வேகமே சிலரைக் கொஞ்ச தூரம் கொண்டுபோகிறது, மீதித் தூரத்துக்குத் தினசரி எழுத்தும் பதிலும் தொடர வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எழுத்து வழியின் ஒரு நன்மை ஆய்வுக் கணக்கில் வராது. ஏக்கம் வரும் நேரத்திலேயே எழுத முடியும். "ஒன்பது மணி, சாப்பிட்டாச்சு, நண்பன் மெசேஜ் பண்ணியிருக்கான், கை அரிக்குது" என்று அந்த நிமிடத்தில் எழுதியது, ஐந்து நாள் கழித்து வீடியோவில் யோசித்துச் சொல்வதைவிட நிஜமானது. ஆலோசகரின் பதிலையும் அடுத்த முறை கை அரிக்கும்போது எடுத்துப் படிக்கலாம். வாயால் சொல்ல வராதவர்கள் எழுத்தில் ஆச்சரியப்படும் அளவுக்குத் திறந்து எழுதுவார்கள்.

குறை என்னவென்றால், எழுத்தில் முகம் தெரியாது. மனச்சோர்வு ஆழமாகிக்கொண்டே போவதை ஆலோசகர் தவறவிடலாம். போதையில் எழுதியதா நிதானத்தில் எழுதியதா என்றும் அவருக்குத் தெரியாது.

வீடியோவில் தெரபிஸ்ட்

கஞ்சாவுக்கு அடியில் வேறொன்று இருந்தால் வீடியோ பக்கம் சாய்வேன். தீராத பதற்றம், பழைய அதிர்ச்சி, மனச்சோர்வு, தூக்கமின்மை இவற்றைச் சமாளிக்கவே பலர் புகைக்கத் தொடங்குகிறார்கள். புகையை எடுத்துவிட்டால் அடியில் இருப்பது மேலே வரும். அப்போது ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பும் ஒருவர் வேண்டும். இங்கேயும் ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். மனச்சோர்வும் மது அல்லது கஞ்சாப் பழக்கமும் சேர்ந்தவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2009ல் வெளியான ஆய்வில், கணினி வழிப் பாடங்களும் ஒவ்வொரு வாரமும் ஆலோசகரின் சிறு சந்திப்பும் சேர்ந்தது, முழுக்க முழுக்கத் தெரபிஸ்ட் நடத்தியதற்குச் சளைக்கவில்லை. வீடியோ கிடைக்காதவர் அதற்காகக் காத்திருந்து காலத்தைப் போக்க வேண்டியதில்லை.

வீடியோ தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டத்தைப் பார்க்கிறோம், நட்சத்திர மதிப்பீட்டைப் பார்க்கிறோம். போதைப் பழக்கத்தில் பயிற்சி உண்டா என்று கேட்பதில்லை. அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? வாரம் ஒரு மணி நேரம் அம்மாவைப் பற்றி, வேலையைப் பற்றி, பழைய காதலைப் பற்றி நன்றாகப் பேசுவார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கஞ்சா அதே அளவில் இருக்கும். பேசியது வீணில்லை, ஆனால் வந்த வேலை நடக்கவில்லை. நல்ல தெரபிஸ்ட் ஒவ்வொரு அமர்வையும் "இந்த வாரம் எத்தனை நாள், எவ்வளவு?" என்ற கணக்கிலிருந்து தொடங்குவார். முதல் சந்திப்பிலேயே இதைக் கேளுங்கள்: "நான் முழுசா விட இன்னும் முடிவெடுக்கவில்லை, குறைக்கத்தான் நினைக்கிறேன், அப்படி வேலை செய்வீர்களா?" முகம் சுளித்தால் வேறொருவரைப் பாருங்கள்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், தனிமையான இடம். கூட்டுக்குடும்பத்திலோ, அறைத்தோழரோடோ இருப்பவருக்கு ஒரு மணி நேரம் சத்தமாகப் பேச இடம் கிடைக்காது. பலர் மொட்டை மாடியிலும் நிறுத்திய வண்டிக்குள்ளும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதுவும் கிடைக்காதவருக்கு எழுத்து வழியே மேல். அமர்வுக்கு முன்னால் புகைத்துவிட்டு உட்காரும் பழக்கமும் உண்டு. நேரில் போனால் அது கொஞ்சம் கட்டுப்படும், திரைக்கு முன்னால் கட்டுப்படாது. தெரபிஸ்ட்டிடம் இதை மறைக்க வேண்டாம். அமர்வைக் காலையில் முதல் வேலையாக வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

குழுக் கூட்டங்கள்

மரிஹுவானா அனானிமஸ் 1989ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. மது அடிமைகளுக்கான 12 படிமுறையைப் பின்பற்றுகிறது. ஸ்மார்ட் ரெக்கவரி 1994ல் வந்தது. சிபிடி சார்ந்த கருவிகளைச் சொல்லித் தருகிறது. இரண்டுமே ஆன்லைனில் கூட்டம் நடத்துகின்றன. முதலாவது முழுக்க விடுவதை இலக்காக வைத்தது. குறைக்க மட்டும் நினைப்பவருக்கு அங்கே கொஞ்சம் ஒட்டாமல் இருக்கும், ஆனாலும் விட விருப்பம் இருந்தால் வரலாம் என்பார்கள். இரண்டாவது, இன்னும் முடிவெடுக்காதவர்களையும் சேர்த்துக்கொள்கிறது.

குழு தரும் ஒரு விஷயத்தை ஆலோசகரால் தர முடியாது: இதே இடத்தைக் கடந்து வந்தவரின் குரல். கூட நடக்கும் நண்பர்கள் எல்லோரும் புகைப்பவர்களாக இருந்தால், புகைக்காத நாலு பேரைத் தெரிந்துகொள்வதே பெரிய உதவி. ஆனால் குழுவை மட்டுமே சிகிச்சையாக வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மற்ற மூன்றில் ஒன்றோடு சேர்த்துப் போவது நல்லது.

முதல் இரண்டு வாரமும் அமர்வு அட்டவணையும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தேர்வில் தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

அதிகமாகப் புகைத்தவர் திடீரென்று நிறுத்தினாலோ வெகுவாகக் குறைத்தாலோ, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தொல்லைகள் தொடங்கும். எரிச்சல், கோபம், பதற்றம், பசியின்மை, வியர்வை, தலைவலி, தூக்கம் வராமை. முதல் வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். தூக்கக் குறைவும் விசித்திரமான, மிகத் தெளிவான கனவுகளும் மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் நீளலாம். தொடர்ந்து புகைப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இது வருகிறது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி மூளையில் போய் ஒட்டும் ஏற்பிகள் நீண்டகாலப் பயன்பாட்டால் குறைந்துபோயிருக்கும். நிறுத்திய சில நாளிலேயே மீளத் தொடங்கி, சுமார் நாலு வாரத்தில் இயல்பு நிலைக்கு வருவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, தொல்லைக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. இது தெரியாதவர்தான் ஐந்தாம் நாள் இரவில் "நான் இப்படித்தான் போலிருக்கு, இது இல்லாமல் முடியாது" என்று மறுபடி புகைக்கிறார்.

இப்போது வாராந்தர வீடியோ அட்டவணையைப் பாருங்கள். திங்கட்கிழமை அமர்வு, செவ்வாய் நிறுத்துகிறீர்கள். வியாழனிலிருந்து ஞாயிறு வரை மோசமான நாட்கள். அடுத்த அமர்வு மறு திங்கள். அந்த நாலு நாளும் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். அதனால் வீடியோ எடுப்பவர் முதல் வாரத்தில் இரண்டு குறுகிய அமர்வு கேளுங்கள், அல்லது நடுவில் மெசேஜ் அனுப்ப அனுமதி கேளுங்கள். எழுத்துத் திட்டத்தில் தினசரிக் குறிப்பு இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. குழுக் கூட்டங்கள் வாரத்தில் பல நாள் நடப்பதால் இரவு நேரத்துக்கு அவை கைகொடுக்கும். நிறுத்தும் தேதியை முதல் அமர்வுக்கு முன்னால் வைக்காமல், ஒன்றிரண்டு அமர்வு முடிந்து திட்டம் கையில் வந்த பிறகு வைப்பதும் புத்திசாலித்தனம்.

கஞ்சாவைப் புகையிலையோடு கலந்து புகைப்பவருக்கு இன்னொரு சிக்கல். கஞ்சாவை நிறுத்தும்போது நிகோட்டினும் சேர்ந்து நிற்கிறது, இல்லையென்றால் சிகரெட் இரண்டு மடங்காகிறது. எரிச்சலில் பாதி எதனால் என்றே தெரியாமல் போகும். நிகோட்டினுக்குச் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்ற நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கும் திட்டம் இதைக் கேட்கிறதா என்று பாருங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா தெரியவில்லை என்றால் பரிசு தரும் முறை, நேரில் நடக்கும் சிகிச்சைகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. ஆன்லைனில் அதைச் செய்வது கடினம். டிஎச்சி கொழுப்பில் தங்குவது. அதிகமாகப் புகைத்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் பரிசோதனையில் தெரியலாம். குறைத்திருக்கிறாரா என்பதை அது காட்டவே காட்டாது. குறைப்பவருக்கு அளவுகோல் வேறு: வாரத்தில் புகைக்காத நாட்கள் எத்தனை, ஒரு நாளில் எவ்வளவு, முதல் இழுப்பு எத்தனை மணிக்கு. இந்த மூன்றில் முதல் இழுப்பின் நேரத்தை நான் ரொம்ப மதிக்கிறேன். எழுந்தவுடன் புகைத்தவர் மாலை வரை தள்ளிப்போடப் பழகிவிட்டால், அளவு தானாகவே இறங்கும். பகல் முழுக்க அவர் கையில் வந்துவிடும்.

ரகசியம்

ரகசியமானது என்ற வாசகம் எல்லாத் தளங்களிலும் இருக்கும். 2023ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி, ஆன்லைன் தெரபி நடத்தும் பெட்டர்ஹெல்ப் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரியையும் மனநலக் கேள்விப் படிவத் தகவல்களையும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்பது குற்றச்சாட்டு. 78 லட்சம் டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. கஞ்சா குற்றமாக இருக்கும் இடங்களில் வாழ்பவருக்கு இந்தக் கவலை இன்னும் கூடுதல். புனைபெயரில் சேர விடும் திட்டமா, என்ன பதிவு வைத்துக்கொள்கிறார்கள், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். மருத்துவ ரகசியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட தெரபிஸ்ட் ஒருவகை; யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஆப் வேறு வகை. விளம்பரத்துக்காக இயங்கும் இலவச ஆப்பில் உங்கள் உண்மையான மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள்.

யாருக்கு எதைச் சொல்வேன்?

மாலையில் மட்டும் புகைக்கும், வேலையும் வீடும் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் மாலை இல்லாமல் இருக்க முடியாத ஒருவர் என்றால், எழுத்தில் வழிகாட்டும் திட்டம்தான் என் முதல் தேர்வு. அவருடைய கஷ்டம் ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் இருக்கிறது. அந்த மணி நேரத்தில் எழுத டைரி இருக்கும். அது கிடைக்காவிட்டால், தனித் திட்டம் ஒன்றை எடுத்து, தினசரிக் குறிப்பை நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். அண்ணனோ, தோழியோ, திட்டாமல் படிப்பவராக இருந்தால் போதும்.

காலையிலிருந்து இரவு வரை புகைப்பவர், ஏற்கெனவே சிலமுறை விட்டுத் திரும்பியவர், பதற்றமோ மனச்சோர்வோ கூட உள்ளவர் என்றால் வீடியோ. முதல் மாதத்தில் அடர்த்தியாக, பிறகு இடைவெளி விட்டு, ஒன்பது பத்து அமர்வுக்குக் குறையாமல். கூடவே ஒரு குழு. பக்கத்தில் நேரில் நல்ல சிகிச்சை கிடைக்குமானால் இவருக்கு நான் அதையே முதலில் சொல்வேன். ஆன்லைன் என்பதற்காக ஆன்லைன் எடுக்க வேண்டாம்.

எதை எடுத்தாலும் நாலு வாரம் கழித்துக் கணக்கைப் பாருங்கள். புகைக்காத நாள், அளவு, முதல் இழுப்பின் நேரம் மூன்றும் தொடங்கிய இடத்திலேயே இருந்தால், இன்னும் முயற்சி போதவில்லை என்று உங்களையே திட்டிக்கொண்டு அதே திட்டத்தில் நீடிக்க வேண்டாம். ஒரு படி மேலே போங்கள்: தனித் திட்டத்திலிருந்து வழிகாட்டும் திட்டத்துக்கு, அதிலிருந்து வீடியோவுக்கு, வீடியோவிலிருந்து நேரடிச் சிகிச்சைக்கு. கணக்கு கொஞ்சமாவது நகர்ந்திருந்தால் அதிலேயே தொடருங்கள். நடுவில் ஒரு நாள் புகைத்துவிட்டீர்கள் என்பது மாற வேண்டிய காரணமில்லை. அன்றைய குறிப்பைத்தான் ஆலோசகர் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதல் மெசேஜில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடுபவர்கள் நிறைய. பெரிய கதை எதுவும் தேவையில்லை. "இத்தனை வருடமாகப் புகைக்கிறேன். வாரத்தில் இத்தனை நாள், ஒரு நாளைக்கு இவ்வளவு. முதல் இழுப்பு இத்தனை மணிக்கு. புகையிலை சேர்க்கிறேன் அல்லது சேர்ப்பதில்லை. குடியோ மாத்திரையோ உண்டு அல்லது இல்லை. தூக்கம் இப்படி, மனநிலை இப்படி. குறைக்க நினைக்கிறேன், முழுசா விடுவதா என்று இன்னும் தெரியவில்லை." இவ்வளவு எழுதினால், படிப்பவர் பயிற்சி பெற்றவராக இருந்தால், எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.